லிஃப்: இல்லாவிட்டால் கரு பதியாது, கூடுதலாகக் கொடுத்தாலும் பலனில்லை

1992-ல் நேச்சர் இதழில் காலின் ஸ்டூவர்ட்டும் அவருடைய குழுவினரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் நட்லி நகரில் இருந்த ரோஷ் மூலக்கூறு உயிரியல் நிலையத்தில் செய்த வேலை அது. பெண் எலிகளில் ஒரே ஒரு மரபணுவை மட்டும் நீக்கியிருந்தார்கள். அந்த எலிகளுக்கு முட்டை வெளியானது, ஆணோடு சேர்ந்தபின் கருவுற்றது, கருவும் பதியத் தயாராகும் பிளாஸ்டோசிஸ்ட் நிலை வரை வளர்ந்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. கரு கருப்பைக்குள் மிதந்துகொண்டே இருந்தது, சுவரில் பதியவில்லை.

கருவில் கோளாறா, கருப்பையில் கோளாறா என்று பார்க்க, அதே கருக்களை எடுத்து அந்த மரபணு உள்ள சாதாரண எலிகளின் கருப்பையில் வைத்தார்கள். அவை பதிந்தன, குட்டிகளாகவும் பிறந்தன. ஆக, குறை தாயின் பக்கம்தான். அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தைச் சிறு பம்ப் மூலம் குறையுள்ள எலிகளின் உடலில் செலுத்தியபோது அவற்றிலும் சில கருக்கள் பதிந்தன.

அந்தப் புரதத்தின் பெயர் லிஃப். மெல்போர்னில் டொனால்ட் மெட்காஃபின் குழு ரத்தப்புற்று செல்களின் பெருக்கத்தை நிறுத்தும் பொருளைத் தேடியபோது, 1987-ல் கிடைத்தது. அது சைட்டோகைன் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. நோய் எதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்ல வெளியிடும் சிறு புரதங்கள்தான் சைட்டோகைன்கள். காய்ச்சலில் உடம்பு முறுக்கி வலிப்பதும், அடிபட்ட இடம் சிவந்து வீங்குவதும் இவற்றின் வேலையால்தான். அதனால் சைட்டோகைன் என்றாலே அழற்சி, அழற்சி என்றாலே ஆபத்து என்ற எண்ணம் பலருக்கும், மருத்துவர்களில் சிலருக்கும்கூட, பதிந்துவிட்டது. கர்ப்பம் என்று வரும்போது இந்த எண்ணம் நிறையக் குழப்பத்தை உண்டாக்கியிருக்கிறது. அதனால்தான் இந்த ஒரு மூலக்கூறின் கதையை முழுதாக எடுத்துப் பேசுகிறேன்.

ஒரு நாள் மட்டும்

எலியின் கர்ப்பம் சுமார் 20 நாள். அதில் 4-ஆம் நாள்தான் கரு சுவரில் பதியும். 1991-லேயே ஸ்டூவர்ட்டின் குழு, கருப்பைச் சுரப்பிகளில் லிஃப் சட்டென்று பொங்குவது அந்த 4-ஆம் நாளில்தான் என்று காட்டியிருந்தது. உண்மையில் கரு இல்லாத, உடல் மட்டும் கர்ப்பம் என்று நம்பிக்கொண்டிருக்கும் பொய்க்கர்ப்ப எலிகளிலும் அதே நாளில் அது பொங்கியது. கரு வந்து கதவைத் தட்டுவதால் லிஃப் வரவில்லை. தாயின் ஹார்மோன்கள் நாள் குறித்து வரவழைக்கின்றன.

எலிகளுக்கு ஒரு வினோதமான வசதி உண்டு. குட்டிக்குப் பாலூட்டிக்கொண்டிருக்கும்போதே மீண்டும் கருத்தரித்தால், புதிய கரு பதியாமல் சில நாள் உறங்கிக் காத்திருக்கும். அப்படிக் காத்திருக்கும் காலத்தில் லிஃப் வருவதில்லை. பதியும் வேளை வந்ததும் வருகிறது. நாட்காட்டியில் 4-ஆம் நாளாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதும், பதிதலோடுதான் அது இணைந்திருக்கிறது என்பதும் இதிலிருந்து தெளிவானது.

2000-ல் அதே குழு இன்னொரு படி போனது. எலியில் கரு பதிவதற்குச் சற்று முன்பு ஈஸ்ட்ரோஜன் சிறிதளவு கூட வேண்டும். அந்த ஈஸ்ட்ரோஜனுக்குப் பதிலாக லிஃபைக் கொடுத்தாலும் கரு பதிகிறது என்று கண்டார்கள். அதாவது ஈஸ்ட்ரோஜன் சொல்ல வந்த செய்தியை லிஃபே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. பதிந்தபிறகு கரு வளர்வதற்கு லிஃப் அவசியமில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. 20 நாள் கர்ப்பத்தில் ஒரு சிறு பொழுதுக்கு மட்டும் இன்றியமையாத ஒரு மூலக்கூறு! எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

லிஃப் எப்படி வேலை செய்கிறது? கருப்பை உட்சுவரின் மேற்பரப்புச் செல்களில் அதற்கான ஏற்பி இருக்கிறது. அந்த ஏற்பி, ஜிபி130 என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்து செல்லுக்குள் ஸ்டாட்3 என்ற புரதத்தைத் தூண்டும். ஸ்டாட்3 உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்கும். வழவழவென்று கருவை ஒட்டவிடாமல் இருந்த மேற்பரப்பு, ஒட்டவிடும் மேற்பரப்பாக மாறும். இதே ஜிபி130-ஐ ஐஎல்-6, ஐஎல்-11 போன்ற வேறு சைட்டோகைன்களும் பயன்படுத்துகின்றன. ஐஎல்-11-இன் ஏற்பி இல்லாத பெண் எலிகளிலும் கர்ப்பம் நிலைப்பதில்லை என்று 1998-ல் தெரியவந்தது. ஆனால் அங்கே கதை வேறு. கரு ஒட்டிக்கொள்கிறது. அதைச் சுற்றி உட்சுவர் தடித்து ஊட்டமுள்ள திசுவாக மாற வேண்டும் அல்லவா, அது சரியாக நடக்காமல் கர்ப்பம் கலைகிறது. ஒட்டுவதற்கு ஒரு செய்தி, ஒட்டியபின் இடம் அமைத்துக் கொடுக்க அடுத்த செய்தி. முதலாவதைக் கொடுத்து இரண்டாவதன் வேலையை வாங்க முடியாது.

குரங்கு, பிறகு மனிதர்

எலியில் பார்த்தது மனிதருக்குப் பொருந்துமா? பெண்களின் கருப்பை உட்சுவரிலும் லிஃப் இருக்கிறது. மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில், கரு பதியக்கூடிய நாட்களில், அதன் அளவு உச்சத்துக்குப் போகிறது. இன்னும் வலுவான சான்று புதுதில்லியில் இருந்து வந்தது. அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் ஜயஸ்ரீ சென்குப்தா, தேபப்ரதா கோஷ் ஆகியோரின் குழு, ரீசஸ் குரங்குகளுக்கு லிஃபை முடக்கும் ஆன்டிபாடியைக் கொடுத்துப் பார்த்தது. கரு பதிவது தடைபட்டது. 2006-ல் கருத்தடை ஆய்வுக்கான ஒரு இதழில் அந்த முடிவு வெளியானது. நம்மோடு நெருங்கிய உறவுள்ள விலங்கிலும் லிஃப் வேண்டும் என்பதற்கு இது நல்ல ஆதாரம்.

அப்புறம் அடுத்த யோசனை எல்லோருக்கும் தோன்றியதுதான். ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவாக்கும் சிகிச்சை) செய்து, நல்ல கருவாகத் தேர்ந்தெடுத்து வைத்தும், திரும்பத் திரும்பப் பதியாமல் போகும் பெண்களுக்கு லிஃபையே மருந்தாகக் கொடுத்தால்? ஆய்வகத்தில் தயாரித்த மனித லிஃபைத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டு, போலி மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். பீட்டர் பிரின்ஸ்டனும் சக ஆய்வாளர்களும் 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து கரு பதிவதையும் கூட்டவில்லை, கர்ப்பத்தையும் கூட்டவில்லை.

17 வருட அடிப்படை ஆராய்ச்சி, தெளிவான எலிச் சோதனை, குரங்கில் உறுதிப்பாடு, இத்தனைக்கும் பிறகு இந்த முடிவு. ஏன்?

முதல் காரணம், அந்தப் பெண்களுக்கு லிஃப் குறைவாக இருந்தது என்று யாரும் காட்டவில்லை. காரணம் தெரியாமல் கரு பதியாதவர்கள் என்பதுதான் அவர்களைச் சேர்த்ததற்கான அடிப்படை. ஸ்டூவர்ட்டின் எலிகளில் லிஃப் அறவே இல்லை, அதனால் கொடுத்ததும் வித்தியாசம் தெரிந்தது. போதுமான அளவு இருக்கும் இடத்தில் மேலும் கொட்டினால் என்ன கிடைக்கும்?

இரண்டாவது, இடம். சுரப்பியிலிருந்து கருப்பையின் உட்குழிக்குள், கரு மிதக்கும் அதே இடத்தில், லிஃப் கசிகிறது. தோலுக்கடியில் போடும் ஊசி ரத்தம் வழியாக உடல் முழுக்கச் சுற்றி வருகிறது. ஒரே மூலக்கூறுதான் என்றாலும் கருப்பைக்குப் போய்ச்சேரும் செய்தி ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை.

மூன்றாவது காரணம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆய்வக எலிகள் தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டவை. அவற்றின் கருக்களில் குரோமோசோம் பிழைகள் குறைவு. மனிதக் கருக்களில் அப்படி இல்லை. பெண்ணின் வயது கூடக்கூட முட்டையில் குரோமோசோம் எண்ணிக்கை பிசகுவது அதிகமாகிறது. அப்படிப்பட்ட கரு பதியாமல் போவதும், பதிந்து சில வாரங்களில் கலைவதும் மிகச் சாதாரணம். அங்கே கருப்பைக்கு எந்தச் சைட்டோகைனைக் கொடுத்தாலும் பிரயோசனம் இல்லை. பதியாத கருவுக்கெல்லாம் தாயின் எதிர்ப்புச் சக்தியைக் குற்றவாளியாக நிறுத்துவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

எதிர்ப்பைத் தணிக்க வேண்டும் என்ற பழைய எண்ணம்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1953-ல் பிரிட்டிஷ் உயிரியலாளர் பீட்டர் மெடாவர் ஒரு கேள்வி கேட்டார். கருவில் பாதி மரபணு தந்தையுடையது. வேறொருவரின் தோலை ஒட்டினால் நிராகரிக்கும் உடல், இந்தப் பாதி அந்நியக் கருவை எப்படி 9 மாதம் தாங்குகிறது? தாயும் கருவும் உடற்கூறாகப் பிரிந்திருக்கலாம், கருவின் அடையாளங்கள் முதிராமல் இருக்கலாம், தாயின் எதிர்ப்புச் சக்தி மந்தமாகி இருக்கலாம் என்று மூன்று சாத்தியங்களை முன்வைத்தார். மூன்றாவது மக்கள் மனதில் நன்றாக ஒட்டிக்கொண்டது.

1993-ல் கனடாவின் எட்மண்டனில் டாம் வெக்மன் குழு அதற்கு நவீன வடிவம் கொடுத்தது. சைட்டோகைன்களை இரண்டு அணியாகப் பிரித்துக்கொண்டார்கள். இன்டர்ஃபெரான் காமா, டிஎன்எஃப் போன்றவை ஒரு அணி, கர்ப்பத்துக்கு ஆகாதவை. ஐஎல்-4, ஐஎல்-10 போன்றவை இன்னொரு அணி, கர்ப்பத்தைக் காப்பவை. கர்ப்ப காலத்தில் முடக்குவாதம் பலருக்குத் தணிவதும், எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் லூபஸ் நோய் சிலருக்குக் கிளர்ந்தெழுவதும் இந்தப் படத்தோடு ஒத்துப்போயின. அழகான கருத்து, பல வருடம் பாடப்புத்தகங்களை ஆண்டது.

சோதனைகள் வந்ததும் அது ஆட்டம் கண்டது. ஐஎல்-10 இல்லாத எலிகள் சுத்தமான சூழலில் வளர்க்கப்பட்டபோது சாதாரணமாகக் குட்டி போட்டன. ஐஎல்-4, ஐஎல்-5, ஐஎல்-9, ஐஎல்-13 நான்கையும் சேர்த்து நீக்கிய எலிகளும் கர்ப்பத்தைச் சுமந்தன. ஐஎல்-10-இன் தேவை வேறு இடத்தில் வெளிப்பட்டது. பாக்டீரியாவின் மேலுறைப் பொருளைச் சிறிதளவு கொடுத்தால், சாதாரண எலிகள் தாங்கிக்கொண்டன, ஐஎல்-10 இல்லாத எலிகள் கருவை இழந்தன. கிருமி வந்து எரிச்சல் கிளம்பும்போது அதை அடக்கக் காத்திருக்கும் மூலக்கூறு அது.

மறுபக்கம், கெட்டது என்று ஒதுக்கிய இன்டர்ஃபெரான் காமா. கருப்பையின் உட்சுவரில் கர்ப்பத்தின் முதல் மாதங்களில் இருக்கும் வெள்ளணுக்களில் சுமார் 70 சதவீதம் என்கே (நேச்சுரல் கில்லர்) செல்கள். எலியில் இவை வெளியிடும் இன்டர்ஃபெரான் காமாதான் கருப்பையின் சுருள் தமனிகளை அகலமாக்கி, நஞ்சுக்கொடிக்கு ரத்தம் தாராளமாகப் போக வழிசெய்கிறது. 2000-ல் கனடாவில் ஆன் குரோயும் அலி அஷ்கரும் காட்டிய விஷயம் இது. என்கே செல்களே இல்லாத எலிகளில் தமனிகள் குறுகியே இருந்தன, இன்டர்ஃபெரான் காமாவைக் கொடுத்ததும் மாறத் தொடங்கின.

மனிதரிலும் இதே திசையில் ஒரு சான்று உண்டு. 2004-ல் கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மொஃபட்டின் குழு, தாயின் என்கே செல்கள் அளவுக்கு மீறி அடக்கப்படும் மரபணுச் சேர்க்கை அமைந்தால், கர்ப்ப கால உயர் ரத்த அழுத்த நோயான பிரீஎக்லாம்ப்சியா வரும் வாய்ப்பு கூடுகிறது என்று கண்டது. தாயின் எதிர்ப்பு செல்கள் சுறுசுறுப்பாக இருப்பதால் வரும் கேடு இல்லை இது. போதிய தூண்டுதல் கிடைக்காமல், நஞ்சுக்கொடி ஆழமாக ஊன்றாமல் போவதால் வருவது. "என்கே செல் அதிகம், அதனால்தான் குழந்தை தங்கவில்லை" என்று சொல்லக் கேட்டவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்க வேண்டும். தவிர, கையில் ஊசி குத்தி எடுக்கும் ரத்தத்தில் இருக்கும் என்கே செல்களும் கருப்பையில் இருப்பவையும் குணத்தில் வேறு வேறு. ரத்தத்தில் எண்ணியதை வைத்துக் கருப்பையைப் பற்றிப் பேச முடியாது.

அழற்சி ஏன் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது என்பதற்கு ஓபோசம் என்ற பைப்பாலூட்டி ஒரு விளக்கம் தருகிறது. தென் அமெரிக்காவின் சாம்பல்நிற ஓபோசத்தின் கர்ப்பம் ஏறத்தாழ 14 நாள். பெரும்பகுதி நேரம் கரு மெல்லிய முட்டையோட்டு உறைக்குள் இருக்கும். உறை கரைந்து கரு கருப்பையைத் தொட்டதும் கடும் அழற்சி கிளம்பும், ஓரிரு நாளில் பிரசவம். 2017-ல் யேல் பல்கலைக்கழகத்தில் குன்டர் வாக்னர், ஆலிவர் கிரிஃபித், அருண் சவான் ஆகியோர் இதை ஆராய்ந்து, நம் போன்ற பாலூட்டிகளில் கரு பதிதல் என்பது அந்தப் பழைய அழற்சியிலிருந்தே உருவானது என்று வாதிட்டார்கள். அழற்சியை நம் முன்னோர்கள் தூக்கி எறியவில்லை. கருவுக்கு உதவும் பகுதியை வைத்துக்கொண்டு, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களைக் கூட்டிவந்து திசுவைச் சிதைக்கும் பகுதியை மட்டும் அடக்கியிருக்கிறார்கள். லிஃப் போன்ற செய்தி ஒரு நாள் பொங்கி மறுநாள் ஓய்வதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் பொருள் புரிகிறது.

கர்ப்பத்தின் கடைசியிலும் அழற்சி திரும்ப வருகிறது. பிரசவம் நெருங்கும்போது கருப்பை வாயிலும் பனிக்குட உறையிலும் ஐஎல்-1, ஐஎல்-6, ஐஎல்-8 ஆகியவை கூடுகின்றன. கருப்பை வாய் இளகுவதற்கு அவை வேண்டும். அதே மூலக்கூறுகள் தொற்றினால் 28-ஆம் வாரத்திலேயே கூடினால் குறைப்பிரசவம். 2017-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் கர்ப்பிணிகளின் ரத்த செல்களைக் கர்ப்பம் முழுக்கத் தொடர்ந்து அளந்தார்கள். செல்களுக்குள் ஓடும் செய்திகள் ஒரு ஒழுங்கான கால வரிசையில் மாறிக்கொண்டே வந்தன. அந்த மாற்றங்களை வைத்தே கர்ப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கணிக்க முடிந்தது.

சோதனை முடிவுகள் சொல்வது

லிஃப் மட்டும்தான் இப்படித் தோற்றது என்றால் விட்டுவிடலாம். அதே வகையில் மற்றவையும் தோற்றிருக்கின்றன.

தொடர்ந்து கரு கலையும் பெண்களுக்குக் கணவரின் வெள்ளணுக்களை ஊசியாகப் போட்டு எதிர்ப்புச் சக்தியைப் பழக்கும் சிகிச்சை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. கேரோல் ஓபர் தலைமையிலான ஆய்வு 1999-ல் லான்செட்டில் வந்தது. சிகிச்சை பெற்றவர்களில் 36 சதவீதத்தினருக்கும், வெறும் உப்புநீர் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 48 சதவீதத்தினருக்கும் கர்ப்பம் நிலைத்தது. 2002-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், முறையான ஆய்வுக்கு வெளியே இதைச் செய்யக்கூடாது என்றது.

ஜி-சிஎஸ்எஃப் என்ற இன்னொரு சைட்டோகைன். பிரிட்டனில் 150 பெண்களிடம் சோதித்து 2019-ல் முடிவு வந்தது. 20 வாரத்தைத் தாண்டிய கர்ப்பங்கள் மருந்து பெற்றவர்களில் 59.2 சதவீதம், போலி மருந்து பெற்றவர்களில் 64.9 சதவீதம்.

கருப்பை உட்சுவரை மெல்லிய குழாயால் லேசாகச் சுரண்டி, வேண்டுமென்றே அழற்சியைத் தூண்டிவிட்டால் அடுத்த மாதம் கரு நன்றாகப் பதியும் என்று 2003-லிருந்து ஒரு நம்பிக்கை. இஸ்ரேலில் நடந்த சிறு ஆய்வு அதற்கு உயிர் கொடுத்தது, உலகெங்கும் கருத்தரிப்பு மையங்கள் சுரண்டத் தொடங்கின. வலிக்கும், கூடுதல் செலவும் ஆகும். நியூஸிலாந்திலிருந்து சாரா லென்சன் தலைமையில் ஐந்து நாடுகளில் 1,364 பெண்களிடம் நடந்த பெரிய சோதனை 2019-ல் வந்தது. சுரண்டியவர்களில் குழந்தை பிறந்தது 26.1 சதவீதம். சுரண்டாதவர்களில் 26.1 சதவீதம்.

இந்த மூன்றிலும் லிஃபிலும் யோசனை பிறந்த இடம் உண்மையானதுதான், சைட்டோகைன்கள் கர்ப்பத்துக்குத் தேவை என்பது பொய்யில்லை. ஆனால் உடல் அதை எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு விடுகிறது என்பதை வெளியிலிருந்து ஓர் ஊசியாலோ குழாயாலோ போலிசெய்ய முடியவில்லை.

மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் தம்பதிக்கு

இரண்டு மூன்று முறை ஐவிஎஃப் தோற்றவர்களின் வலியும் பணச்சுமையும் சாதாரணமானவை இல்லை. அந்த நிலையில் யாராவது ஒரு ரிப்போர்ட்டைக் காட்டி, உங்கள் உடம்புதான் குழந்தையைத் தாக்குகிறது என்றால் நம்பத்தான் தோன்றும். ஆனால் தொடர் கருச்சிதைவுக்கான ஐரோப்பிய மனித இனப்பெருக்கச் சங்கத்தின் வழிகாட்டுதல், சைட்டோகைன் பரிசோதனையை நடைமுறைச் சிகிச்சையில் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. சைட்டோகைன் அளவு மணிக்கு மணி மாறும். ஒரு சளி பிடித்தாலே மாறும். ரத்தத்தில் ஒரு நாள் எடுத்த எண்ணுக்கும் கருப்பையில் நடப்பதற்கும் நேரடி உறவு நிரூபிக்கப்படவில்லை. அந்த எண்ணை நம்பி எதிர்ப்புச் சக்தியைத் தணிக்க ஸ்டீராய்டு எடுத்தால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறலாம், தொற்றும் எளிதில் வரலாம்.

இதை வைத்து, லூபஸுக்கோ மாற்றுச் சிறுநீரகத்துக்கோ ஏற்கெனவே எதிர்ப்புத் தணிப்பு மருந்து சாப்பிடுபவர்கள் அதை நிறுத்திவிடக் கூடாது. அது தாயின் நோய்க்கான மருந்து, விஷயமே வேறு. எந்த மாத்திரை கர்ப்பத்துக்கு ஏற்றது என்று கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும்.

தொடர்ந்து கரு கலைபவர்கள் கட்டாயம் கேட்டுச் செய்துகொள்ள வேண்டிய எதிர்ப்புச் சக்திப் பரிசோதனை ஒன்று இருக்கிறது: ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடிகள். ரத்தம் உறைவதைத் தூண்டியும் நஞ்சுக்கொடியைப் பாதித்தும் கர்ப்பத்தைக் கெடுக்கக்கூடியவை இவை. ஒரு முறை பாசிட்டிவ் என்று வந்தால் போதாது, குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடியும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். உறுதியானால் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுக்கிறார்கள். பரிசோதனை, நோய், சிகிச்சை மூன்றுக்கும் இங்கே ஆதாரம் இருக்கிறது. வேறு எந்த எதிர்ப்புச் சக்திச் சிகிச்சையைப் பரிந்துரைத்தாலும், இதைப் போலி மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வில் எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது, சிகிச்சை இல்லாதவர்களில் எத்தனை பேருக்குப் பிறந்தது என்று அந்த மருத்துவரிடமே கேளுங்கள். இரண்டு எண்களையும் சொல்ல முடியாத சிகிச்சைக்குப் பணம் கட்ட அவசரப்பட வேண்டாம்.